பழைய குளிர்ப்பொறியும் புதிய வாயுவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். சிலம்பையும் குறளையும் விரித்துரைக்க வல்ல புலவர் பெருமக்கள் இங்கே வீற்றிருக்கின்றார்கள். அவர்கள் நடுவே, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரிபவனும், பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவனுமாகிய நான், குளிர்ப்பொறியைப் பற்றிப் பேச எழுந்திருப்பது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். "ஊராருக்குப் பயன்படும் செய்தி ஏதேனும் சொல்லுங்கள்" என்று செயலாளர் அவர்கள் கேட்டார்கள். செங்கல்லிலும் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் நம்மவர் வீடுகளில், வெளிநாடு சென்ற பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகட்கு முன் வாங்கிய ஏ.சி. பொறிகள் பல இருக்கின்றன. அவை இப்போது ஒவ்வொன்றாகக் குளிர்ச்சி குன்றி வருகின்றன. "பழைய கேஸ் இனிக் கிடைக்காது; புது கேஸ் ஏற்றித் தருகிறேன்" என்று சொல்லிக்கொண்டு வருவோரும் பெருகியிருக்கின்றனர். இதைவிடப் பயனுள்ள செய்தி எனக்குத் தோன்றவில்லை.

பெயரைப் பற்றி ஒரு சொல். பொறிக்குள் சுழன்று வெப்பத்தைச் சுமந்து செல்லும் பொருளைக் 'குளிரூட்டி' என்று நூலோர் எழுதுகின்றனர். கடையிலோ குளிரூட்டி என்றால் ஏ.சி. பெட்டியையே காட்டுவார்கள். ஆகவே மயக்கம் நேராதிருக்க, ஊர் வழக்கையொட்டி அதனை 'வாயு' என்றே குறிப்பிடுகின்றேன். புலவர் பெருமக்கள் பொறுத்தருள்க.

நான் சார்ந்த துறையிலிருந்தே தொடங்குகின்றேன். 1934-ஆம் ஆண்டில் பிராண்டியர் மெயில் வண்டியில் குளிர்வசதி செய்தபோது பனிக்கட்டிப் பாளங்களைக் கொண்டே செய்தார்கள். பாளங்களின்மீது காற்றைச் செலுத்திப் பெட்டிக்குள் விடுவர்; வழி நெடுகப் புதிய பாளங்களை ஏற்றிக்கொள்வர். பிற்காலத்தில் பெட்டியின் அடிப்புறத்தில் தொங்கும் பொறிகள் வந்தன. அவற்றில் ஓடியது ஆர்-12 என்னும் வாயு. பின்னர்ப் பொறி கூரைமேல் ஏறிற்று. வாயுவும் ஆர்-22 ஆயிற்று. அதன் பின் ஆர்-407சி வந்தது. பயணி அறிந்ததெல்லாம் குளிர்ச்சி ஒன்றே. தலைமுறைதோறும் பொறிக்குள் வாயு மாறிவந்ததை அவர் அறியார். அறிய வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. வீட்டுப் பொறிக்கு உரியவராகிய நமக்கோ அத்தேவை வந்துவிட்டது.

வாயுவை ஏன் மாற்ற வேண்டும்? தொடக்கக் காலப் பொறிகளில் அம்மோனியா, கந்தக டைஆக்சைடு, மீதைல் குளோரைடு போன்றவற்றைப் பயன்படுத்தினார்கள். அவை நச்சுடையவை. 1920-களில் அமெரிக்காவில் இவை கசிந்து, வீட்டில் உறங்கியவர்கள் உறக்கத்திலேயே மாண்டதுண்டு. 1928-இல் தாமஸ் மிட்ஜ்லி என்பாரும் அவருடைய தோழர்களும், எரியாத, நஞ்சற்ற ஒரு வாயுவைக் கண்டனர். 1930-இல் அறிஞர் அவையில் மிட்ஜ்லி அதனை மூச்சிழுத்துக் காட்டி, அந்த மூச்சாலேயே மெழுகுவத்தியை ஊதி அணைத்தார். எரியாது, கொல்லாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? உலகம் அதனை வாரி அணைத்துக்கொண்டது. ஆர்-12 அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆர்-22 அதன் நெருங்கிய உறவு.

மனிதனைக் கொல்லாத அந்த வாயு, வானில் உயரச் சென்று ஓசோன் படலத்தை அரிக்கின்றது என்பதை 1974-இல் மொலினா, ரோலண்டு என்னும் இருவர் எழுதினர். 1985-இல் தென்துருவத்தின்மேல் அப்படலம் மெலிந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். 1987-இல் மாண்ட்ரியால் உடன்படிக்கை உருவாயிற்று. 1992-இல் நம் நாடும் அதில் சேர்ந்தது. இவ்வாயுக்களை இங்கே செய்துவந்த நான்கு நிறுவனங்களில் ஒன்று நம் தமிழ்நாட்டு மேட்டூரில் இருந்தது. அந்த உற்பத்தியை நிறுத்துவதற்காக இந்தியாவுக்கு 8 கோடியே 20 இலட்சம் டாலர் தருவதென்று 1999-இல் ஏற்பாடாயிற்று. உலகம் குறித்த நாளுக்குப் பதினேழு மாதம் முன்பாகவே, 2008 ஆகஸ்டில், ஆர்-12 போன்றவற்றின் உற்பத்தியை இந்தியா கைவிட்டது. இதனைப் பெருமையோடு சொல்லலாம்.

இப்போது ஆர்-22-இன் முறை. ஓசோனுக்கு அது இழைக்கும் தீங்கு, ஆர்-12 இழைப்பதில் இருபதில் ஒரு பங்கு அளவே. ஆயினும் தீங்கு தீங்குதான். ஆகவே வளரும் நாடுகள் அதனை 2020-க்குள் 35 விழுக்காடும், 2025-க்குள் 67.5 விழுக்காடும் குறைத்து, 2030-இல் ஏறக்குறைய முற்றிலும் நிறுத்த வேண்டும் என்பது கணக்கு. பழைய பொறிகளைப் பேணுவதற்கென்று மட்டும் 2040 வரை மிகச் சிறிய அளவு விடப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் 2025 சனவரி முதல் நாளிலிருந்து ஆர்-22 கொண்டு புதிய பொறி செய்யலாகாது.

அன்பர்கள் இவ்விடத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டுகின்றேன். செய்யலாகாது என்பது புதிய பொறிக்குத்தான். உங்கள் வீட்டில் உள்ள பழைய பொறியை ஓட்டக் கூடாது என்றோ, பழுது பார்க்கக் கூடாது என்றோ, அதன் வாயுவை மாற்றியே தீர வேண்டும் என்றோ எந்தச் சட்டமும் சொல்லவில்லை. "சர்க்கார் தடை செய்துவிட்டது" என்னும் ஒரு சொல்லைக் காட்டியே மக்களிடம் காசு பறிக்கப்படுகிறது. தடைக்கும் தட்டுப்பாட்டுக்கும் வேறுபாடு உண்டு. ஆண்டுதோறும் ஆர்-22 அருகும், விலை ஏறும். அதனை மறுக்கவில்லை. ஆயினும் நாளையே பொறியைத் திறந்து வேறொன்றை ஊற்றத்தக்க அவசரம் எதுவும் இல்லை.

சரி, மாற்றத்தான் முடியுமா? அதற்குப் பொறியின் உள்ளமைப்பைச் சற்றே அறிய வேண்டும். கம்ப்ரஸர் வாயுவை அமுக்குகிறது. அமுக்குண்ட வாயு சூடேறுகிறது. வெளிச்சுருளில் அச்சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு நீர்மமாகிறது. நுண்குழாய் வழியே பாய்ந்து, அழுத்தம் நீங்கி, உட்சுருளில் மீண்டும் ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இத்தகைய ஆவியாதலால்தான். இவ்வளவும் பலர் அறிந்ததே. பலர் அறியாதது, கம்ப்ரஸருக்குள் எண்ணெயும் இருக்கிறது என்பது. அந்த எண்ணெயில் ஒரு பகுதி வாயுவோடு கலந்து குழாய் முழுவதும் சுற்றி வருகிறது. போன எண்ணெய் திரும்பி வந்தால்தான் கம்ப்ரஸருக்கு உயிர்.

ஆர்-22-உம் அக்காலத்துக் கனிம எண்ணெயும் இணைந்து வாழும் கணவன் மனைவியர் போன்றவை. புதிய வாயுக்களுள் பலவற்றுக்கு அந்த எண்ணெயோடு ஒட்டுறவே கிடையாது. வாயு மட்டும் திரும்பி வரும். எண்ணெய் உட்சுருளிலேயே தங்கிவிடும். முதல் நாள் அறை நன்றாகக் குளிரும். மெக்கானிக் கூலி பெற்றுச் செல்வார். சில மாதங்களில் எண்ணெய் வற்றிய கம்ப்ரஸர் தேய்ந்து நின்றுவிடும். எங்கள் குடும்பத்திலேயே இது நிகழ்ந்தது. என் தமக்கையார் வீட்டில், நோயுற்ற அத்தானுக்காகப் பொருத்திய சன்னல் ஏ.சி. ஒன்று, ஆண்டுதோறும் கசிவு, ஆண்டுதோறும் வாயு நிரப்பல். கசிவு எங்கே என்று மூன்று ஆண்டும் ஒருவர் கூடத் தேடவில்லை. நான்காம் ஆண்டு ஒருவர் வந்து, 'புது கேஸ்' என்று ஏதோ ஒன்றை ஏற்றிச் சென்றார். அடுத்த மேட மாதத்துப் புழுக்கத்தில், மருத்துவர் வெப்பம் ஆகாது என்று சொல்லியிருந்த நாளில், கம்ப்ரஸர் நின்றது. அது என்ன வாயு என்று கேட்டபோது அதை ஏற்றியவருக்கே பெயர் தெரியவில்லை! நான்கு முறை கொடுத்த கூலியைக் கூட்டிப் பார்த்தால் புதிய பொறியின் விலையில் நல்ல ஒரு பங்கு வந்திருக்கும்.

கடைகளில் பேசப்படும் வாயுக்களைப் பார்ப்போம். ஆர்-410ஏ என்பதும் ஆர்-32 என்பதும் புதிய பொறிகளில் பெரிதும் வழங்குபவை. இவ்விரண்டையும் பழைய ஆர்-22 பொறியில் ஏற்றவே கூடாது. ஏனெனில் அழுத்தம். வெளிச்சுருள் 50 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும்போது ஆர்-22 சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 265 பவுண்டு அழுத்தம் தரும். ஆர்-410ஏ தருவதோ 430 பவுண்டு. ஆர்-32 அதற்கும் சற்று மேல். பழைய குழாயும் பழைய கம்ப்ரஸரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. நான்கு ஆள் சுமக்கும் மூட்டையை முதியவர் ஒருவர் தலையில் ஏற்றுவது போன்றது அது. இதில் வாதுக்கே இடமில்லை.

ஆர்-407சி வேறு வகை. மூன்று வாயுக்களின் கலவை அது. அழுத்தத்தில் ஆர்-22-க்கு அண்மையில் நிற்பது. பழைய பொறியை மாற்ற வேண்டுமெனில் எரியாத வாயுக்களுள் பெரும்பாலும் இதனையே எடுப்பர். ஆயின் முறை வேண்டும். உள்ளிருக்கும் ஆர்-22-ஐக் காற்றில் விடாமல் உருளையில் மீட்டெடுக்க வேண்டும். கனிம எண்ணெயை வடித்துவிட்டு, பாலியோலெஸ்டர் என்னும் செயற்கை எண்ணெயை ஊற்ற வேண்டும். ஒருமுறை வடித்தால் போதாது. பழைய எண்ணெய் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே குறையும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். வடிகட்டியை மாற்ற வேண்டும். புதிய எண்ணெய்க்கு ஈரத்தின்மீது தீராத வேட்கை உண்டு. மூடியைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள நீரைக் குடித்துவிடும். நம் இடவப்பாதி மழைக்காலத்து ஈரக் காற்றில் இது சிறிய ஆபத்து அன்று. ஆகவே வாக்குவம் பம்ப் கொண்டு உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் முற்ற இழுக்க வேண்டும். பின்னர்க் கலவையை நீர்ம நிலையிலேயே, எடை போட்டு, ஏற்ற வேண்டும். ஆவியாக ஏற்றினால் மூன்றில் இலகுவானவை முந்திக்கொண்டு போய்க் கலவையின் விகிதம் கெடும்.

இனி என் கருத்தைச் சொல்கின்றேன். இம்முறை பெரிய பொறிகளுக்கே உரியது. மருத்துவமனை, குளிர்க்கிடங்கு, திருமண மண்டபம் ஆகியவற்றில் உள்ள பெரும் பொறிகளில் எண்ணெயை வடிக்கத் திருகாணி இருக்கும். இணைப்புகளைக் கழற்றி ரப்பர் வளையங்களை மாற்ற இடம் இருக்கும். அடிப்புறத்தில் தொங்கிய அந்தப் பழைய இரயில் பொறிகளும் அத்தகைய திறந்த வகையே. அங்கே மாற்றுச் செலவு, பொறியின் விலையோடு ஒப்பிடுகையில் சிறிது. வீட்டு ஏ.சி.யிலோ கம்ப்ரஸர் இரும்புச் சட்டிக்குள் பற்றவைத்து மூடப்பட்டது. எண்ணெயை வடிக்க வழியே இல்லை. குழாயை அறுத்து, கம்ப்ரஸரைத் தூக்கிக் கவிழ்த்துத்தான் எடுக்க வேண்டும். அவ்வளவும் செய்து கூலி கொடுப்பதைவிட, செய்யாமலே செய்ததாகச் சொல்லப்பட்டு ஏமாறுவதே பெரும்பாலும் நிகழும். எண்ணெய் வடிக்க வழியில்லாத பொறிக்கு ஆர்-407சி வேண்டா என்பேன்.

முறையாகச் செய்தாலும் பயன் எவ்வளவு? 2005-இல் தேவோட்டா, பதால்கர், சானே என்னும் இந்திய ஆராய்ச்சியாளர்கள் ஆர்-22 சன்னல் ஏ.சி. ஒன்றிலேயே ஆர்-407சி-ஐ ஏற்றி அளந்து வெளியிட்டார்கள். குளிர்த்திறன் 2 முதல் 8 விழுக்காடு வரை குறைந்தது. மின்சாரமோ 6 முதல் 7 விழுக்காடு கூடுதலாயிற்று. காசு கொடுத்து மாற்றி, மாதந்தோறும் மின்கட்டணமும் கூடுதலாகக் கட்டுவது! ஓசோன் பிழைக்கும் என்பது மெய்யே. ஆனால் புவி வெப்பமாதலுக்கு இவ்விரு வாயுக்களும் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,800 மடங்கு காரணமாகின்றன, ஒன்றுக்கொன்று இளைத்ததன்று. அதனால்தான் 2016-இல் கிகாலி நகரில் கூடிய நாடுகள், இப்புதிய வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க உடன்பட்டன. இந்தியாவும் 2021-இல் அதனை ஏற்றது. மாற்றியதையே மீண்டும் மாற்ற வேண்டிய நாள் வரும்.

அதே ஆராய்ச்சியாளர்கள் அதே ஆண்டில் இன்னொரு வாயுவையும் சன்னல் ஏ.சி.யில் ஏற்றி அளந்தார்கள். அது புரோப்பேன், ஆர்-290 என்பது அதன் எண். குளிர்த்திறன் 7 முதல் 10 விழுக்காடு வரை குறைந்தபோதிலும், மின்சாரம் 12 முதல் 13 விழுக்காடு வரை மிச்சமாயிற்று. அழுத்தமும் ஆர்-22-ஐவிடக் குறைவு. பழைய கனிம எண்ணெயோடு அது நன்றாகக் கலக்கும். எடையில் பாதிக்கும் குறைவாகவே போதும். ஓசோனுக்குத் தீங்கில்லை, புவி வெப்பத்துக்கும் இல்லையென்றே சொல்லலாம். எல்லா நலனும் ஒருங்கே வாய்த்த அதற்குக் குறை ஒன்றே. அது எரியும்.

எரியும் என்றால் நம் அடுக்களை வாயு எரிவதுபோல் எரியும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே போதும். காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். கட்டிலிலும் பாயிலும் உறங்குவோர் அருகே தங்கும். பழைய பொறிக்குள் பொறி சிந்தும் சுவிச்சுகளும் ரிலேக்களும் எத்தனையோ உண்டு. எரியாத வாயுவுக்கென்று செய்தவர் அவற்றைப் பற்றிக் கவலைப்படவில்லை. இந்தியாவில் கோத்ரெஜ் நிறுவனம் 2012-இல் புரோப்பேன் ஏ.சி.யை விற்கத் தொடங்கியது. அது தொடக்கத்திலிருந்தே அவ்வாயுவுக்கென்று அமைத்த பொறி. வாயுவின் அளவு, மின் இணைப்பு, பொருத்தும் அறையின் பரப்பு எல்லாம் வரையறுக்கப்பட்டவை. அதைக் காட்டி, "பெரிய கம்பெனியே போடுகிறது, உங்கள் பழைய பெட்டியிலும் போடலாம்" என்பது தவறான நியாயம். அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் துறை 2013-இல், ஆர்-22 பொறிகளில் புரோப்பேன் வகைகளை ஏற்றாதீர் என்று வெளிப்படையாகவே எச்சரித்தது. அடுக்களை சிலிண்டரிலிருந்தே ஏற்றினால் மலிவன்றோ என்று கேட்பாரும் உண்டு. அதில் பியூட்டேனும், நாற்றத்துக்காகச் சேர்த்த கந்தகப் பொருளும், சிறிது ஈரமும் கலந்திருக்கின்றன. தீயின் அச்சத்தோடு பொறியின் கேடும் சேரும். பிள்ளைகள் உறங்கும் அறையில் ஐந்நூறு ரூபாய் மிச்சத்துக்காக இதனைச் செய்யத் துணிய வேண்டா.

நடுவழி ஒன்று இல்லையா? சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தார் அதனைத்தான் தேடினார்கள். ஆர்-407சி-யோடு புரோப்பேனும் ஐசோபியூட்டேனும் சிறிதளவு கலந்தால், அச்சிறு அளவு எண்ணெயைக் கரைத்துத் திரும்பக் கொணர்ந்துவிடும். கனிம எண்ணெயை மாற்றவே தேவையில்லை என்பது அவர்கள் கண்ட வழி. ஆர்-12 கொண்ட பழைய குளிர்பெட்டிகளுக்கும் அவ்வாறே ஒரு கலவையை ஆராய்ந்தார்கள். எண்ணெயை எண்ணெயாலேயே திரும்பக் கொணர்வது போன்ற அழகான எண்ணம்! நம் தெருக்கடையில் அக்கலவை கிடைப்பதாக எண்ணிவிடாதீர்கள்; ஆய்வுக்கூடத்தில் எடை போட்டுக் கலந்தது வேறு, தெருவில் கண்ணளவாய்க் கலப்பது வேறு.

போலி வாயுவைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். 2011-இல் கப்பல்களில் செல்லும் குளிர்ப்பெட்டகங்கள் சில திடீரென வெடித்து மூவர் உயிரிழந்தனர். ஆய்ந்தபோது, ஆர்-134ஏ என்று விற்ற வாயுவில் மீதைல் குளோரைடு கலந்திருந்தது தெரிந்தது. அலுமினியத்தோடு சேர்ந்தால் அது கொடியது. 1920-களில் வீடுகளில் உயிர் குடித்த அதே நஞ்சு, தொண்ணூறு ஆண்டு கழித்து வேறு பெயர்ச்சீட்டோடு திரும்பி வந்திருக்கிறது. உருளையின் நிறத்தையும் எழுத்தையும் மட்டும் நம்பலாகாது; விற்பவர் யார், பில் உண்டா என்று பார்க்க வேண்டும்.

அப்படியாயின் பழைய பொறியை என்ன செய்வது? கசிவைத் தேடுங்கள். ஏ.சி.யின் வாயு விளக்கெண்ணெய்போல் எரிந்து தீர்வதன்று. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றே பொருள். பூவாறு, பொழியூர்ப் பக்கத்திலிருந்து உப்புக் காற்று வீசும் நம் ஊர்களில் வெளிச்சுருள் அரிபடுவது இயல்பு. நைட்ரஜனை ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, ஓட்டையை அடைத்து, வாக்குவம் இழுத்து, ஆர்-22-ஐயே எடை போட்டு ஏற்றினால், கம்ப்ரஸர் நலமாயிருக்கும் பொறி இன்னும் சில ஆண்டு உழைக்கும். சுருளே அரித்துப்போனால், அல்லது கம்ப்ரஸர் போனால், அதற்குமேல் செலவிடாமல் புதிய பொறி வாங்குவதே சிக்கனம். வீட்டுப் பொறிக்கு வாயு மாற்றம் என்னும் மூன்றாவது வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நம் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தனுவச்சபுரம் ஐ.டி.ஐ. நம் அருகிலேயே இருக்கிறது. கடல் கடந்து சென்று ஏ.சி. வேலை செய்வோரும் நம்மிடையே உண்டு. இந்திய அரசு 2019-இல் வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டத்தில் ஓர் இலட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அத்தகைய பயிற்சி எங்கே நடந்தாலும் விடாதீர்கள். எரியும் வாயுவோடு பழக வேண்டிய காலம் இது. முன்போல் பார்த்துப் பழகிய கைவேலை மட்டும் போதாது. வாயு உள்ளே இருக்கும்போதே பற்றவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஆர்-22 தீப்பட்டால் பாஸ்ஜீன் என்னும் கடும் நஞ்சு எழும். அதனை மூச்சிழுப்பவர் வீட்டுக்காரர் அல்லர். குனிந்து வேலை செய்யும் நீங்கள்தாம்.

தாய்மார்களே, மெக்கானிக் வரும் நேரத்தில் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர் நீங்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கின்றேன். பொறியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் வாயுவின் பெயரும் எடையும் அச்சிட்டிருக்கும். வேலை தொடங்குமுன் அதைப் படித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின், என்ன வாயு, எத்தனை கிராம், என்ன எண்ணெய், எந்தத் தேதி என்று அவர் கையாலேயே ஒரு சீட்டில் எழுதச் செய்து, அத்தகட்டின் அருகே ஒட்டுங்கள். அடுத்த ஆண்டு வருபவர் வேறொருவராக இருப்பார். அவர் கண்ணுக்கு முன்னால் அச்சீட்டு இருக்க வேண்டும். எழுத மறுப்பவரிடம் பொறியை ஒப்படைக்க வேண்டா.